டிராக்டர் டயர் டிரெட்டில் வெட்டும் கிழிசலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிராக்டர் டயரில் விழும் வெட்டுகளில் பெரும்பாலானவை ஆபத்தில்லாதவை. ஆபத்தான சிலவற்றை அடையாளம் காண வேண்டும். மற்றவை வளர்ந்து ஆபத்தாக மாறாமல் தடுக்க வேண்டும். அதற்குப் பசையைவிடக் கத்திதான் அதிகம் உதவும் என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள பதில்களில் ‘பட்டன்’ என்பது டிரெட்டில், அதாவது தரையைத் தொடும் டயரின் வெளிப்பரப்பில், சாய்வாக உயர்ந்து நிற்கும் ரப்பர் கட்டைகளைக் குறிக்கும். ‘நூல்’ என்பது ரப்பருக்குள் புதைந்து டயருக்கு வலுக் கொடுக்கும் நைலான், பாலியஸ்டர் போன்ற இழை அடுக்குகளைக் குறிக்கும்.

எந்த வெட்டைச் சிறு சேதம் என்று சொல்லலாம்?

நூலைத் தொடாத வெட்டு சிறியது. நூலைத் தொட்ட வெட்டு, விரல் நக அளவே இருந்தாலும், பெரியது. நீளமும் அகலமும் கண்ணில் படுவதால் நாம் அவற்றை வைத்தே எடைபோடுகிறோம். டயரைப் பொறுத்தவரை ஆழம்தான் கணக்கு.

அந்த ஆழத்தையும் வெட்டு விழுந்த இடத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். வழக்கமான உழவு டயரில், அதாவது ஆர்-1 வகையில், பின்சக்கரப் பட்டன் புதிதாக இருக்கும்போது ஏறத்தாழ 3 முதல் 4 செ.மீ. வரை உயரம் இருக்கும். சேற்று வயலுக்கும் கரும்புக்கும் உரிய ஆர்-2 வகையில் ஏறக்குறைய அதைப்போல் இரண்டு மடங்கு. ஆகவே பட்டனின் தலையில் ஒன்றரை செ.மீ. ஆழத்துக்கு வெட்டு விழுந்தாலும் நூல் இன்னும் தொலைவில்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் நூலை மூடியிருக்கும் ரப்பர் சில மில்லிமீட்டர்தான். அங்கே 5 மி.மீ. வெட்டுக்கூட நூலை எட்டியிருக்கலாம்.

இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஓர் இடம் உண்டு: பட்டனின் அடிப்பகுதி, அது பள்ளத்தோடு சேரும் மூலை. சக்கரம் இழுக்கும்போது பட்டன் முன்னும் பின்னும் வளைவது இந்த மூலையை அச்சாகக் கொண்டுதான். இங்கே விழும் வெட்டு சும்மா இருக்காது. ஒவ்வொரு சுற்றிலும் வாய் திறந்து மூடிக்கொண்டே இருப்பதால், பட்டனுக்கு அடியில் உள்நோக்கி ஓடும். நான் டயரைப் பார்க்கும்போது முதலில் குனிந்து பார்ப்பது இந்த மூலைகளைத்தான்.

ஆழத்தை எப்படி அளப்பது?

முதலில் கழுவுங்கள். மண் அப்பிய டயரில் எந்த முடிவுக்கும் வர முடியாது. தண்ணீரும் பிரஷும் கொண்டு கழுவி முழுதாகக் காயவிட்ட பிறகு, வெட்டுக்குள் மாட்டிக்கொண்ட கல், மரத்துண்டு, கம்பி ஆகியவற்றைச் சேதம் பெரிதாகாமல் எடுங்கள். காற்றே போகாத டயரில் ஆழமாகப் புதைந்த ஆணியைப் பார்த்தால் உடனே பிடுங்காதீர்கள். அதுவே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கலாம். எங்கே இருக்கிறது என்று சாக்பீஸால் குறித்துவிட்டு, பழுதுபார்க்கத் தயாரான பிறகு எடுப்பது நல்லது.

பிறகு முனை மழுங்கிய மெல்லிய கம்பி ஒன்றை வெட்டுக்குள் நிதானமாக விடுங்கள். அடியைத் தொட்டதும் விரல் நகத்தால் மேல்மட்டத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே எடுத்து அளங்கள். அதே கம்பியால் பட்டனின் தலையிலிருந்து பள்ளம் வரையிலான உயரத்தையும் அளந்து, இரண்டையும் ஒப்பிடுங்கள். வெட்டு அந்த உயரத்தில் பாதிக்குள் முடிந்தால் கவலை வேண்டாம். முக்கால் பாகத்தைத் தாண்டினால் மிகக் கவனமாகக் கையாள வேண்டும். கம்பி முனையில் சொரசொரப்பான துணி போன்ற உணர்வு வந்தாலோ, டார்ச் வெளிச்சத்தில் நார் தெரிந்தாலோ நூலைத் தொட்டுவிட்டது என்று பொருள்.

காற்று நிறைந்திருக்கும்போது வெட்டு சற்றே வாய் திறந்து நிற்கும், பார்ப்பதற்கு எளிது. ஆனால் அந்த நிலையில் கூர்மையான எதையும் உள்ளே நுழைக்கக் கூடாது.

வெட்டு எல்லாவற்றையும் ரப்பர் வைத்து நிரப்ப வேண்டுமா?

வேண்டாம். நிரப்பியே தீர வேண்டும் என்ற எண்ணம்தான் நல்ல டயர்களில் அரைகுறை ஒட்டுகளை உண்டாக்குகிறது.

வெட்டினால் வரும் கேடு இரண்டு. ஒன்று, அதன் கூரான அடிமுனையில் விசை குவிந்து அது மேலும் கிழிவது. இரண்டாவது, உள்ளே கல்லும் மண்ணும் புகுந்து, சக்கரம் சுழலும்போதெல்லாம் தரை அழுத்தத்தில் ஆழமாகப் போவது. தண்ணீரும் கூடவே போகும். நூலை எட்டிய தண்ணீர் இழைக்கும் ரப்பருக்கும் இடையேயான பிடிப்பைக் குலைக்கும். எஃகுக் கம்பி அடுக்குள்ள ரேடியல் டயரானால் (நூல் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடும் வகை) துருவும் சேரும்.

பட்டனின் தலையில் உள்ள வெட்டுக்கு இந்த இரண்டு கேடுகளையும் கத்தி ஒன்றே தீர்த்துவிடும். வெட்டின் இரு பக்கச் சுவர்களையும் சாய்வாகச் சீவி, மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருக்கும்படி விரித்துவிடுங்கள். அடிமுனையைக் கூராக விடாமல் வளைவாக்குங்கள். நீளவாக்கிலும் இரண்டு நுனிகளையும் உருட்டிவிடுங்கள். இனி அங்கே புகும் கல் தங்காது, அடுத்த சுற்றில் தானே விழுந்துவிடும். விசையும் ஒரு புள்ளியில் குவியாமல் வளைவு நெடுகப் பரவிவிடும். இதற்கு மேல் ஒன்றும் செய்யத் தேவையில்லை.

நிரப்புவது எப்போது அவசியம்? பட்டன்களுக்கு இடைப்பட்ட பள்ளத்தில் நூலை மூடும் ரப்பர் பாதியாவது போயிருந்தால் நிரப்ப வேண்டும். பட்டனின் அடி மூலையில் வெட்டு இருந்து, சீவிய பிறகு அந்த இடம் மெலிந்து நின்றாலும் நிரப்ப வேண்டும். மற்ற இடங்களில் நிரப்புவது அழகுக்குத்தான்.

ஏற்கெனவே வெட்டு விழுந்த இடத்தில் இன்னும் ரப்பரை எடுத்தால் டயர் பலவீனமாகாதா?

நியாயமான அச்சம். ஆனால் டயரின் வலு ரப்பரில் இல்லை, நூலில் இருக்கிறது. சுமையையும் காற்றழுத்தத்தையும் தாங்குவது நூல் அடுக்குகள். டிரெட் ரப்பர் அவற்றைக் காக்கும் கவசம், மண்ணைப் பிடிக்கும் கை. ஒரு பட்டனிலிருந்து சிறிதளவு ரப்பரைச் சீவி எடுப்பதால் இழுவையில் உணரக்கூடிய குறை எதுவும் வராது. நூலுக்கு மேலே குறைந்தது 2 அல்லது 3 மி.மீ. ரப்பர் எஞ்சியிருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். அந்த அளவுகூட இல்லாத இடத்தில் கத்தியை வைக்காதீர்கள்.

என்னென்ன கருவிகள் தேவை?

நல்ல கூர்மையான, குட்டையான கத்தி. அதைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வெட்டினால் ரப்பர் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். (நிரப்பப் போகும் இடமானால் பிறகு நன்றாகக் கழுவிக் காயவைக்க வேண்டும்.) மழுங்கிய கத்திக்குப் பலம் கொடுத்து அழுத்தும்போதுதான் கை தவறும்; அடிக்கடி தீட்டிக்கொள்ளுங்கள். தடித்த கையுறையும் கண்ணாடியும் அவசியம். கத்தியை எப்போதும் உடலைவிட்டு விலகும் திசையில் ஓட்டுங்கள்.

நிரப்பப் போகிறீர்கள் என்றால் கூடுதலாகச் சில பொருட்கள் வேண்டும்: ரப்பர் சுரண்டும் அரம் அல்லது வேகம் குறைந்த பஃபிங் கருவி, டயர் பழுதுக்கென்றே விற்கும் துப்புரவுத் திரவம், வல்கனைசிங் சொல்யூஷன் (புது ரப்பரைப் பழைய ரப்பரோடு பிணைக்க உதவும் பசைத் திரவம்), பழுதுபார்க்கும் ரப்பர், பற்கள் கொண்ட சிறிய அழுத்து உருளை. இரும்பு அறுக்கும் ஆங்கிள் கிரைண்டரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அதன் வேகம் நிமிடத்துக்கு 10,000 சுற்றுகளைத் தாண்டும். ரப்பர் வேலைக்கு 5,000 சுற்றுகளுக்குள் இருக்க வேண்டும். அதைவிட வேகமாகச் சுற்றினால் ரப்பர் கருகிப் பளபளக்கும், அந்தப் பளபளப்பின் மேல் எதுவும் ஒட்டாது. தேய்க்கும்போது புகை வந்தால் உடனே நிறுத்துங்கள்.

டயரைக் கழற்றித்தான் ஆக வேண்டுமா?

மேலோட்டமாகச் சீவுவதற்குத் தேவையில்லை. வண்டியை நகர்த்தி, சேதம் கைக்கு எட்டும் உயரத்தில் வரும்படி நிறுத்தி, காற்றைப் பெருமளவு இறக்கிவிட்டுச் செய்யலாம். இறக்கும் முன்பு அந்தப் பக்க அச்சைத் தாங்கு கட்டைமேல் அமர்த்திவிட வேண்டும், இல்லையென்றால் ரிம் டயரின் பக்கச்சுவரை நசுக்கிவிடும்.

ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தாங்கி நிற்பதற்கு அதை நம்பக் கூடாது. கெட்டியான சமதளத்தில் நிறுத்துங்கள், தரையில் இருக்கும் மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள், தூக்கியதும் இரும்புத் தாங்கியின்மேல் இறக்குங்கள். முன்னச்சு ஆடும் வகையாக இருப்பதால், பின்புறத்தை ஒரு பக்கம் தூக்கும்போது வண்டி சாய வாய்ப்புண்டு. முன்னச்சுக்கும் சட்டத்துக்கும் இடையே ஆப்பு வைத்து ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் தூக்குங்கள்.

பின்சக்கர டயரில் எடைக்காகத் தண்ணீர் நிரப்பியிருக்கிறதா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கழற்றவே கூடாது. 13.6-28 அளவு டயரில் முக்கால் பாகம் நிரப்பினால் ஏறத்தாழ 160 லிட்டர், 14.9-28 டயரில் ஏறத்தாழ 200 லிட்டர் பிடிக்கும். டயர், ரிம் எடையோடு இதையும் கூட்டிப் பாருங்கள். அப்படி ஒரு சக்கரம் சாய்ந்தால் இரண்டு மூன்று பேர் சேர்ந்தும் பிடித்து நிறுத்த முடியாது. குளிர்ப் பகுதிகளில் உறையாமல் இருக்கக் கால்சியம் குளோரைடு கலந்திருப்பார்கள். அது ரிம்மை அரிக்கும், கண்ணில் பட்டால் எரியும்.

பள்ளத்தில் உள்ள வெட்டை நிரப்பும் முறையைச் சொல்லுங்கள்.

முதலில், ஏற்கெனவே சொன்னபடி சீவி, அழுக்கு படிந்த பழைய ரப்பர் முழுவதையும் எடுத்துவிட வேண்டும். அடியில் சிறு விரிசல் மிச்சமிருந்தாலும் புதிய ரப்பருக்கு அடியில் அது ஓடிக்கொண்டே இருக்கும்.

அடுத்து துப்புரவுத் திரவத்தால் துடைத்து, ஈரம் போகும் முன்பே சுரண்டியால் சுரண்டி எடுங்கள். காய்ந்த பிறகு அரத்தாலோ பஃபிங் கருவியாலோ சுவர்களையும் சுற்றி ஒரு விரல் அகலத்தையும் தேய்த்து, மென்மையான வெல்வெட் துணிபோல் சொரசொரப்பாக்குங்கள். தூளைச் சுத்தமான உலர்ந்த பிரஷால் நீக்குங்கள். கம்ப்ரசர் காற்றால் ஊதுவது பலரின் வழக்கம். அந்தக் காற்றில் எண்ணெயும் ஈரமும் கலந்து வரும் என்பதால் நான் அதைத் தவிர்க்கச் சொல்வேன். தேய்த்த இடத்தை விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள். தோலின் எண்ணெய்ப் பசை போதும், ஒட்டைக் கெடுத்துவிடும்.

இனி சொல்யூஷன். மெல்லிய ஒரே பூச்சாகப் பூசி, முழுதாக உலரவிடுங்கள். பெரும்பாலான தோல்விகளுக்கு இந்த இடத்தில் காட்டும் அவசரமே காரணம். உலராத கரைப்பான் உள்ளே சிக்கினால் அது பின்னர் ஆவியாகிக் கொப்புளமாகும். விரலின் பின்புறத்தால் ஓரத்தில் மட்டும் தொட்டால் லேசாகப் பிடித்துப் பிடித்து விட வேண்டும், விரலில் ஈரம் ஒட்டக் கூடாது. மழை நாளிலும் ஈரக்காற்றிலும் இதற்கு அதிக நேரமாகும். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் பனியாகப் படியும் வாய்ப்பும் உண்டு. முடிந்தால் உலர்ந்த நாளாகத் தேர்ந்தெடுங்கள்.

பழுதுபார்க்கும் ரப்பரைச் சிறு கீற்றுகளாக வெட்டி, வெட்டின் அடியிலிருந்து தொடங்கி ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, ஒவ்வொரு அடுக்கையும் உருளையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துங்கள். உள்ளே காற்றுக்குமிழ் நிற்கக் கூடாது. மேல்மட்டத்தைவிடச் சற்று உயரமாக முடியுங்கள், பிறகு தேய்த்துச் சமன் செய்துகொள்ளலாம்.

வெப்பம் கொடுக்கும் முறை நல்லதா, வெப்பமில்லாத முறை நல்லதா?

பள்ளத்தில் இருக்கும் ஆழமற்ற வெட்டுக்கு இரண்டு பகுதிகளைக் கலந்து பூசும் வெப்பமில்லா ரப்பர் கலவை போதும். வீட்டிலேயே செய்யலாம். கலவை விகிதத்தையும் காயும் நேரத்தையும் அதன் டப்பாவில் உள்ளபடியே பின்பற்றுங்கள்.

பட்டனின் அடி மூலைக்கு வெப்பமுறைதான் நீடிக்கும். அங்கே வளைவு அதிகம். வேகாத ரப்பரை வைத்து, மேலே அழுத்தம் கொடுத்து, ஏறத்தாழ 140 முதல் 150 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வல்கனைஸ் செய்வார்கள். ரப்பர் வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும். ஆகவே தடிமன் கூடக் கூட நேரமும் கூடும். மேற்பரப்பு வெந்துவிட்டது என்பதற்காக அடியும் வெந்துவிட்டது என்று கொள்ள முடியாது. வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் கருவி உள்ள இடத்தில் கொடுத்துச் செய்துகொள்ளுங்கள். அடுப்பு, தீப்பந்தம், ஹாட் கன் கொண்டு முயல்வது டயரின் நல்ல ரப்பரையும் சேர்த்துக் கெடுக்கும்.

பழைய ரப்பரையே சூடாக்கி உருக்கி ஒட்ட முடியாதா?

முடியாது, காரணம் வேதியியலில் இருக்கிறது. சார்லஸ் குட்இயர் 1839-இல் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கும் முறையைக் கண்டறிந்தார். அந்த முறையில் ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளைக் கந்தகம் பாலங்கள்போல் குறுக்கே பிணைத்துவிடுகிறது. அதனால்தான் டயர் கோடையில் இளகுவதில்லை, குளிரில் நொறுங்குவதில்லை. ஒருமுறை அப்படிப் பிணைந்துவிட்ட ரப்பர் மீண்டும் உருகாது. சூட்டைக் கூட்டினால் கருகும், அவ்வளவுதான். பழுதுக்கு எப்போதும் இன்னும் வல்கனைஸ் ஆகாத புது ரப்பர் தேவைப்படுவது இதனால்தான். அது வேகும்போது தன் பாலங்களைப் பழைய ரப்பரோடும் போட்டுக்கொள்கிறது.

உடனே ஒட்டும் பசை, எபாக்சி, சிலிக்கான் போன்றவற்றால் அடைக்கலாமா?

வேண்டாம். உடனே ஒட்டும் பசையும் எபாக்சியும் காய்ந்ததும் விறைத்துவிடும். பட்டன் வளையும்போது அவை வளையாமல், ஒட்டிய கோட்டிலேயே ரப்பரை உரித்துக்கொண்டு வரும். முன்பிருந்ததைவிடப் பெரிய காயம் கிடைக்கும். சிலிக்கான் நெகிழ்ந்து கொடுக்கும், ஆனால் டயர் ரப்பரை உறுதியாகப் பற்றாது. மேலும், சிலிக்கான் பட்ட இடத்தில் பிறகு முறையான ஒட்டுப் போட வருபவர் அதை அகற்றப் பெரும்பாடு படுவார்.

பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் கொண்டு சுத்தம் செய்யலாமா?

டீசலும் மண்ணெண்ணெயும் ரப்பருக்குள் ஊறி அதை உப்பச் செய்யும், எண்ணெய்ப் பூச்சையும் விட்டுச் செல்லும். அதன்மேல் எந்த ஒட்டும் நிற்காது. பெட்ரோலின் கேடு தீ. சொல்யூஷனுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படர்ந்து தொலைவில் உள்ள நெருப்பைத் தேடிப் போகும். திறந்த வெளியில், புகைபிடிப்பவர்கள் யாரும் அருகில் இல்லாமல் வேலை செய்யுங்கள். அன்றாடக் கழுவுதலுக்குத் தண்ணீரும் மிதமான சோப்பும் போதும்.

பட்டனின் ஒரு துண்டு பிய்ந்து தொங்குகிறது. திரும்ப ஒட்டலாமா?

தொங்கும் துண்டை ஒட்ட முயலாதீர்கள், வெட்டி எறிந்துவிடுங்கள். அதை அப்படியே விட்டால் அடுத்த கல்லோ, அறுவடைக்குப் பின் வயலில் நிற்கும் பயிரின் தாளோ (அடித்தண்டு) அதைப் பிடித்து இழுத்து, நல்ல ரப்பரையும் சேர்த்துக் கிழிக்கும். அடியோடு சாய்வாக வெட்டி, ஓரத்தை வளைவாக்கினால் போதும். பட்டனில் கால் பாகம் போனாலும் மற்ற பட்டன்கள் இழுவையைப் பகிர்ந்துகொள்ளும்.

அடுத்தடுத்த பல பட்டன்கள் துண்டு துண்டாகப் பிய்கின்றன என்றால் அது வேறு கதை. கல் நிலத்தில் சக்கரம் வழுக்கிச் சுழல்வது, கெட்டியான சாலையில் பெருஞ்சுமையோடு வேகமாக ஓட்டுவது, டயர் முதுமையால் ரப்பர் விறைத்துப்போவது ஆகிய மூன்றில் ஒன்றைத் தேடுங்கள். முதுமையைத் தெரிந்துகொள்ள டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது.

பட்டன்களுக்கு இடையே மெல்லிய வெடிப்புகள் வலைபோல் தெரிகின்றன. கவலைப்பட வேண்டுமா?

முடியளவு மெல்லியதாக, மேற்பரப்போடு நிற்பவை பெரும்பாலும் ஓசோனாலும் வெயிலாலும் வருபவை. டயர் ரப்பரில் இதைத் தடுக்கும் மெழுகும் வேதிப்பொருளும் கலந்தே தயாரிக்கிறார்கள். டயர் ஓடி வளையும்போது அவை மெல்ல மேலே கசிந்து காப்புப் படலமாகின்றன. மாதக்கணக்கில் வெயிலில் அசையாமல் நிற்கும் டிராக்டரின் டயர் உழைக்கும் டயரைவிட விரைவில் வெடிப்பதற்கு இதுவே காரணம். இந்த வெடிப்புகளைச் சீவவும் வேண்டாம், நிரப்பவும் வேண்டாம். நிழலில் நிறுத்துங்கள், அவ்வப்போது ஓட்டுங்கள், பளபளப்புக்காகப் பெட்ரோலியக் கலப்புள்ள பூச்சு எதையும் தடவாதீர்கள்.

ஒரு வெடிப்புக்குள் கம்பி 3 மி.மீ.க்கு மேல் போனாலோ, பட்டனின் அடியை ஒட்டி நீளமாக ஓடினாலோ மேலே சொன்ன வெட்டுகளைப்போல் அளந்து முடிவு செய்யுங்கள்.

முள்ளோ ஆணியோ டிரெட்டைத் துளைத்துவிட்டது. டியூபை மட்டும் ஒட்டினால் போதாதா?

டியூப் உள்ள டயரில் பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதே இடத்தில் மறுபடி பஞ்சராகும்போது டியூபைக் குறை சொல்கிறார்கள். ரப்பருக்குள் முறிந்து நின்ற முள்முனைதான் பெரும்பாலும் குற்றவாளி. டயரின் உட்புறத்தைத் துணியால் தடவிப் பாருங்கள், முனை இருந்தால் துணியில் மாட்டும். வெறும் கையால் தடவ வேண்டாம். முள்ளை எடுத்த பிறகு, துளை பென்சில் தடிமனை நெருங்கினால் டயரின் உட்புறத்திலும் ஓர் ஒட்டுப் போடுங்கள். இல்லாவிட்டால் மண் அந்த வழியாக உள்ளே வந்து டியூபை அறுத்துக்கொண்டே இருக்கும். சாய்வடுக்கு டயருக்கும் (நூல் அடுக்குகள் சாய்வாகக் குறுக்கிட்டு ஓடும் வகை) ரேடியல் டயருக்கும் பேட்ச் வேறு வேறு. ரேடியல் பேட்சில் உள்ள அம்புக்குறி டயரின் விளிம்பை நோக்கி இருக்க வேண்டும்.

டியூப்லெஸ் டயரில் வெளியிலிருந்து திணிக்கும் கயிறு வேலையை முடித்து வீடு திரும்ப உதவும். நிரந்தரத் தீர்வு டயரைக் கழற்றி, உட்புறத்தைப் பார்த்து, தண்டோடு கூடிய பேட்ச் போடுவது. வெளியே ஒரு புள்ளியாகத் தெரியும் துளை உள்ளே நூலைக் கிழித்திருக்கக்கூடும். முன்பு துளையை அடைக்கும் சீலன்ட் திரவம் ஊற்றியிருந்தால் பழுதுபார்ப்பவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அதை முழுதாகக் கழுவினால்தான் பேட்ச் பிடிக்கும்.

பக்கச்சுவரில் உள்ள வெட்டுக்கும் இதே முறைதானா?

இல்லை. அங்கே ரப்பர் மெல்லியது, வளைவு மிக அதிகம். மேற்பரப்புக் கீறலைத் தவிர வேறெதையும் நீங்களாகக் கையாளாதீர்கள். புடைப்பு இருந்தால் வண்டியை ஓட்டவே வேண்டாம்.

நூல் தெரிகிறது, ஆனால் அறுபடவில்லை. என்ன செய்யலாம்?

அன்றே வேலையை நிறுத்தி, வல்கனைசிங் செய்பவரிடம் கொண்டுபோங்கள். அறுபடாத நூலை உலரவைத்து, புது ரப்பரால் மூடி, உட்புறத்தில் வலுவூட்டும் ஒட்டுப் போட்டால் பல டயர்கள் இன்னும் ஆண்டுகள் உழைக்கும். அதே நிலையில் சேற்றில் ஒரு வாரம் ஓடிய டயரில், வெட்டைச் சுற்றி உள்ளங்கை அளவுக்கு அடுக்குகள் பிரிந்திருக்கும். பிறகு செலவும் கூடும், தேறும் வாய்ப்பும் குறையும்.

பழுதுபார்த்த பிறகு காற்று நிரப்பும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

டயரைக் கழற்றி மாட்டியிருந்தால் இந்தப் பதிலை இரண்டு முறை படியுங்கள். விளிம்பு ரிம்மில் அமர்வதற்காக 35 பி.எஸ்.ஐ. அழுத்தத்தைத் தாண்டி ஒருபோதும் நிரப்பாதீர்கள். அதற்குள் அமரவில்லை என்றால் காற்றை முழுதும் இறக்கி, ரிம்மைச் சுத்தம் செய்து, விளிம்புக்கு உரிய வழவழப்புக் கலவை தடவி மீண்டும் தொடங்குங்கள். விளிம்பில் உள்ள எஃகு வளையம் அறுந்தால் டயர் வெடிக்கும். நீளமான குழாயும் வால்வில் தானே பிடித்துக்கொள்ளும் முனையும் வைத்துக்கொண்டு, டயரின் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் விலகி நில்லுங்கள். அமர்ந்த பிறகு அந்த டயருக்கு உரிய அழுத்தத்துக்குக் கொண்டுவாருங்கள்.

டயர் மாட்டிய ரிம்மில் வெல்டிங் செய்வதை யாரையும் அனுமதிக்காதீர்கள், காற்று இல்லாவிட்டாலும் கூட. சூட்டில் உள்ளே ரப்பர் சிதைந்து எரிவாயு உண்டாகும், அது வெடிக்கும். இதில் ஆட்கள் இறந்திருக்கிறார்கள்.

பக்கச்சுவரில் உள்ள சுழற்சி அம்பு முன்னோக்கிப் போகும் திசையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

ஒட்டுப் போட்ட டயரை எப்போது வயலில் இறக்கலாம்?

வெப்பத்தில் வல்கனைஸ் செய்தது முழுதாகக் குளிர்ந்ததும் தயார். வெப்பமில்லாத முறைக்குப் பொதுவாக ஒரு முழு நாள் கொடுங்கள், குளிர் நாட்களில் அதற்கும் மேல். முதல் வேலை இலகுவானதாக இருக்கட்டும். ஆழ உழவும் சுமை ஏற்றிய டிரெய்லரும் பிறகு.

இத்தகைய வெட்டுகள் விழாமல் தடுக்க என்ன வழி?

அறுவடை முடிந்த வயலின் தாள்தான் டிரெட்டின் முதல் எதிரி. கரும்பு, மக்காச்சோளம், பருத்தி, சூரியகாந்தி ஆகியவற்றின் தாள் சாய்வாக வெட்டுப்பட்டு, காய்ந்து, ஈட்டிபோல் நிற்கும். சக்கரம் வரிசைகளுக்கு இடையே ஓடும்படி சக்கர அகலத்தை மாற்றி அமைப்பதே முதல் மருந்து. அது முடியாத இடத்தில், சக்கரத்துக்கு முன்னால் தாளை மிதித்துச் சாய்க்கும் தகடுகளைப் பொருத்தலாம். தாள் சாய்ந்திருக்கும் திசையிலேயே ஓட்டுவதும் உதவும். புது டயரை அறுவடைக் காலத்துக்குச் சில மாதங்கள் முன்னரே மாட்டி ஓட்டிவிடுவது நல்லது, புது ரப்பர் மென்மையாக இருப்பதால் தாள் எளிதில் ஏறும்.

காற்றழுத்தத்துக்கும் இதில் பங்கு உண்டு. அளவுக்கு மேல் காற்றடித்தால் டிரெட் இறுகி நிற்கும், கூரான பொருள் பட்டால் விலகிக் கொடுக்காமல் வெட்டுப்படும். காற்று குறைந்தால் பக்கச்சுவர் மிகையாக வளைந்து வெடிக்கும். கண்ணால் பார்த்துக் கணிக்காமல், டயர் குளிர்ந்திருக்கும்போது அளவி கொண்டு பாருங்கள். வயலுக்கும் சாலைக்கும் ஏற்ற அழுத்தம் வேறு என்பதால், டயர் தயாரிப்பாளரின் சுமை–அழுத்த அட்டவணையைக் கைவசம் வைத்திருங்கள். சாலையில் வேகத்துக்கும் எல்லை உண்டு: பக்கச்சுவரில் ஏ6 என்றிருந்தால் மணிக்கு 30 கி.மீ., ஏ8 என்றிருந்தால் 40 கி.மீ.

தேய்ந்த பட்டனைக் கத்தியால் ஆழப்படுத்தி உயரம் கூட்டலாமா?

கூடாது. பள்ளத்தில் உள்ள ரப்பரை எடுத்துத்தான் அந்த உயரம் கிடைக்கும், அதுதானே நூலின் கவசம். பட்டன் புது உயரத்தில் கால் பாகத்துக்கும் கீழே தேய்ந்து, நூல் அடுக்கு முழுதாக நலமாக இருந்தால், ரீட்ரேடிங் (பழைய டயரில் புது டிரெட் ஒட்டுவது) செய்யத் தகுதி உண்டா என்று கேட்டுப் பாருங்கள். சிறு வெட்டுகளை அந்தந்த நேரத்தில் சீர்செய்து வந்த டயருக்கே அந்தத் தகுதி பெரும்பாலும் மிஞ்சும்.

பழுதுபார்த்த இடத்தை எப்படிக் கண்காணிப்பது?

சீவிய அல்லது நிரப்பிய இடத்துக்கு நேரே பக்கச்சுவரில் டயர் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, அருகில் தேதியும் அப்போதைய ஆழமும் எழுதுங்கள். முதல் வாரத்தில் வேலை முடிந்த ஒவ்வொரு நாளும், பிறகு காற்று பார்க்கும்போதெல்லாம் அதே கம்பியை விட்டு அளங்கள். ஆழம் கூடவில்லை என்றால் விட்டுவிடலாம். நிரப்பிய ரப்பரின் ஓரம் கிளம்பினால் அதன்மேல் மறுபடி சொல்யூஷன் தடவ வேண்டாம். முழுதாகப் பிடுங்கி, சீவுவதிலிருந்து மீண்டும் தொடங்குங்கள். ஆழம் கூடிக்கொண்டே போனால், அல்லது அந்த இடம் ஓடி முடித்த பிறகு சுற்றியுள்ள ரப்பரைவிடச் சூடாக இருந்தால், உள்ளே அடுக்குகள் பிரிகின்றன. டயரைக் கழற்றி உட்புறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.